கணக்கை எழுதுவது யார் கை?

அரசும் தனியார் கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து நடத்தும் சாலை, பாலத் திட்டங்களில் நடக்கும் முறைகேடுகளுக்கு ஒரு புதிய மருந்து சொல்கிறார்கள். அதன் பெயர் பிளாக்செயின். கணக்கை ஒரே இடத்தில் வைக்காமல் பல கணினிகளில் எழுதி வைப்பார்களாம். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு சங்கிலிபோல் பிணைந்திருக்கும். எழுதியதைப் பின்னால் யாரும் ரகசியமாகத் திருத்த முடியாது. இது வந்துவிட்டால் கண்காணிப்பு தானாகவே நடந்துவிடுமாம்!

திருத்த முடியாத கணக்கை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் சகோதரர்களே, கொள்ளை எந்த இடத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலைக்கு 1997 இல் ஒப்பந்தம் போட்டார்கள். டெண்டர் கிடையாது. 2001 இல் சாலையைத் திறந்து சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. திட்டச் செலவுக்கு ஆண்டுதோறும் 20 சதவீத லாபம் உறுதி. அந்த அளவு வராத வருடத்தில், குறைந்த தொகையைச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம். மறு வருடம், கூடிய அந்தச் செலவுக்கும் 20 சதவீதம்! சாலை போட்டு முடித்த பிறகும் அதன் 'செலவு' வருடா வருடம் வளர்ந்துகொண்டே போனது. வட்டிக்கு வட்டி என்ன செய்யும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012 இல் நீதிமன்றம் போனது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. செலவும் லாபமும் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இப்போது சொல்லுங்கள். 1997 இலேயே பிளாக்செயின் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 20 சதவீதத்தை ஒரு பைசா பிசகாமல் கணக்குப் போட்டிருக்கும், அவ்வளவுதான்! அங்கே ஒப்பந்தமே கொள்ளையாக இருந்தது. அதைச் சங்கிலியில் கோத்தால் கொள்ளை கல்வெட்டாகிவிடும்.

சரி, ஒப்பந்தம் நியாயமானதாகவே இருக்கட்டும். முதல் பதிவை எழுதுவது யார்? செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கடந்த வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டண விலக்கு பெற்ற வி.ஐ.பி. வாகனங்கள் என்று பதிவாகியிருந்ததை மத்திய தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. நமக்குத் தெரியாமல் அந்த வழியில் இத்தனை வி.ஐ.பி.க்களா! இப்படிப்பட்ட பதிவையும் பிளாக்செயின் பத்திரமாகத்தான் வைத்திருக்கும். தணிக்கை நடந்ததால்தான் விஷயம் தெரிந்தது.

அந்தத் தணிக்கைக்காரரையே உள்ளே விட மறுத்த கதையும் உண்டு. தில்லியின் மின் விநியோகக் கம்பெனிகளில் அரசுக்கு 49 சதவீதப் பங்கு இருந்தும், அவற்றின் கணக்கைத் தணிக்கை செய்யச் சொன்ன மாநில அரசின் உத்தரவை 2015 இல் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பங்கு பொதுமக்களுடையது, புத்தகம் கம்பெனியுடையது!

ஆகவே கணினி வரட்டும். கூடவே வேறு சிலவும் வர வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் மக்கள் பார்வைக்கு வையுங்கள். கூட்டுத் திட்டம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் அதிகாரத்தைச் சட்டத்திலேயே எழுதுங்கள். அந்தச் சங்கிலியின் ஒரு நகல் அதிகாரியிடமும் கம்பெனியிடமும் மட்டும் இருந்தால் போதாது, சுங்கம் கட்டுகிறவர்களின் சங்கத்திடமும் இருக்கட்டும்.

வாசகர்களே, உங்கள் ஊர் வழியே ஒரு சுங்கச்சாலை போகிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி, அதன் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். வர்த்தக ரகசியம் என்று பதில் வந்தால், 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.