காத்திருந்தால் மட்டும் தோள் இளகாது

‘தோள்பட்டை இறுக்கம் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், பிசியோதெரபி வீண்செலவு’ என்கிறார்கள். ஏற்க முடியாது. 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 62 நோயாளிகளைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தது. பாதிப்பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ இரண்டுமோ மிச்சமிருந்தன.

2004-இல் வந்த நெதர்லாந்து ஆய்வை எடுத்துக்காட்டுகிறார்கள். 77 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், வலியை மீறி இழுத்து வளைத்த தீவிர சிகிச்சையைவிட மென்மையான அணுகுமுறையே நல்ல பலன் தந்தது. உண்மைதான். ஆனால் அந்த மென்மைப் பிரிவினர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வலி அனுமதிக்கும் எல்லைக்குள் பயிற்சி செய்தார்கள். ஆக, அங்கே தோற்றது முரட்டுத்தனம்தான், பிசியோதெரபி அல்ல.

நல்ல கைகள் அவசரப்படுவதில்லை. இரவில் புரண்டு படுக்க முடியாத கட்டத்தில், குனிந்து, மறுகையை மேசையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடச் சொன்னால் போதும். வலி தணிந்த பிறகுதான் இறுகிய மூட்டுறையை நீட்டும் வேலை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இறுக்கம் அதிகம் வருகிறது, எளிதில் விடுவதுமில்லை. ரவிக்கைக் கொக்கி மாட்ட, தலைவாரக் கை எட்டாதவரிடம் ‘பொறுத்திரு’ என்று மட்டும் சொல்வது வைத்தியமாகாது. முரட்டு சிகிச்சையைக் கண்டியுங்கள். சிகிச்சையையே கைவிடச் சொல்லாதீர்கள்.