உறைமேல் எழுத்து

கடிதம் கைக்கு வந்தவுடன் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு, உள்ளிருப்பதை மட்டும் போற்றுதல் நம்மவர் வழக்கம். அஞ்சல்தலை திரட்டும் அன்பர்களோ தலையை மட்டும் கத்தரித்தெடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதைக் குப்பையில் இடுகின்றனர். இவ்விரு செயலும் தகாவென்பது என் கருத்து. உறையின்மேல் விழுந்த முத்திரைகளும், எழுத்தர் கிறுக்கிய எண்களும், அஞ்சற்காரர் எழுதிய குறிப்புகளும் அக்கடிதம் நடந்த வழியை உரைக்கும் சாட்சிகளாம். எழுதினவர் தேதியை மாற்றி எழுதலாம். முத்திரைக்கு அவ்வகை விருப்பு வெறுப்பு இல்லை.

முத்திரை பிறந்த காரணத்தை நோக்கினால் இது விளங்கும். இங்கிலாந்தில் கடிதங்கள் தாமதமாகின்றன என்று மக்கள் முறையிட்டபொழுது, அஞ்சல் தலைவராயிருந்த ஹென்றி பிஷப் என்பவர் 1661ஆம் ஆண்டில் ஒரு சிறு வட்ட முத்திரையைப் புகுத்தினார். வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு பிளக்கும். மேலே மாதத்தின் இரண்டெழுத்து, கீழே நாள். ஆண்டும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. எந்நாளில் கடிதம் அலுவலகத்துட் புகுந்தது என்பது வெளிப்பட்டுவிடின், அதைக் கொண்டுசெல்வோர் வைத்திருக்கத் துணியார் என்பதே அவர் எண்ணம். ஆகவே நாள் முத்திரை அஞ்சல்தலைக்கு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் மூத்தது. துன்புற்ற பொதுமக்களின் முறையீட்டுக்கு விடையாகவே அது தோன்றிற்று.

தலையை அழிக்கும் முத்திரை வேறொரு தேவையால் வந்தது. 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் கறுப்பு நிற ஒரு பென்னித் தலை வழக்கிற்கு வந்தபோது, ஒரு தலையை இருமுறை ஒட்டாதபடி அதன்மேல் சிலுவை வடிவில் சிவப்பு மை குத்தினர். மக்கள் அம்மையைக் கழுவிவிட்டு மீண்டும் ஒட்டத் தலைப்பட்டனர்! எனவே 1841இல் தலையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கினர். நாள் முத்திரை அலுவலகத்தைக் காவல் செய்ய, அழிக்கும் முத்திரை மக்களைக் காவல் செய்தது என்னலாம். பிற்காலத்தில் இரண்டும் ஒரே கருவியில் இணைந்தன.

நம் நாட்டில் 1854இல் நாடு முழுமைக்குமான தலைகள் வெளியான பின்னர், ஒவ்வோர் அஞ்சலகத்துக்கும் எண்ணிட்டு, அவ்வெண் பொறித்த முத்திரைகளை அளித்தனர். சிங்கப்பூர் அக்காலத்தில் இந்திய அஞ்சலுக்கு உட்பட்டிருந்தமையால் அதற்கும் ஓர் எண் வந்தது. ‘பி 172’ என்பது அது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய இந்தியத் தலையொன்றில் அவ்வெண் இருப்பின், அது கடல்கடந்த ஊரில் ஒட்டப்பட்டதென்று திண்ணமாகக் கூறலாம். தலை ஒன்றே, சிறப்பெல்லாம் முத்திரையால் வந்தது. அதையும் உறையோடு காணின், எழுதினவர் யாவர், பெற்றவர் எவ்வூரினர், எத்தனை நாள் சென்றது என்பனவும் விளங்கும். வெட்டியெடுத்தவருக்கு இவற்றில் எதுவும் எஞ்சாது.

இக்கால உறையும் படிக்கத் தக்கதே. முகப்பிலுள்ள வட்டத்தில் அஞ்சலகத்தின் பெயரும், நடுவில் நாளும் இருக்கும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற எழுத்துக்கள் காணப்படின், அது இரயில்வே அஞ்சற் பிரிப்புப் பணியினர் இட்டது. முன்னாளில் ஓடும் வண்டியிலேயே இரவெல்லாம் நின்று கடிதங்களைப் பிரித்தனர்; பழைய முத்திரைகளில் ‘செட்’ என்ற சொல்லோடு வரும் எண், எக்குழுவினர் அன்று பணியாற்றினர் என்பதைக் காட்டும். உறையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண், பெரும்பாலும் அதைக் கொண்டுசெல்லும் அஞ்சற்காரருடைய ‘பீட்’ எண்ணாகும். ‘வீடு பூட்டு’, ‘ஆள் இல்லை’ என்று அவர் எழுதித் தேதியிட்ட குறிப்புகள் மிகச் சுருங்கிய உரைநடை! முகவரியிலுள்ள ஆறிலக்க எண்ணும் பிரிப்போர்க்காக அமைந்ததே. 627002 என்பதில் முதலிலக்கமாகிய 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய பகுதியைக் குறிக்கும். 627 திருநெல்வேலிப் பிரிப்பு மாவட்டம். இறுதி மூன்றும் பாளையங்கோட்டை. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த இம்முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், வடமொழியிற் புலமைமிக்க கவிஞர். இலக்கியம் பயில்வோர் எதற்கும் உதவார் என்று நம்மை நகையாடும் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். என் பெரியப்பா மகனார் ஒருவர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். 14ஆம் தேதி நேர்முகத்திற்கு வரும்படி எழுதிய கடிதம் 15ஆம் தேதி வந்து சேர்ந்தது. உள்ளே 3ஆம் தேதியிட்டிருந்தது. வீட்டார் அனைவரும் அஞ்சற்காரரை வைதனர். உறையின் பின்புறத்தில் பெரியம்மா பால் கணக்கு எழுதத் தொடங்கியிருந்தமையால், நற்காலமாக அது குப்பைக்குப் போகவில்லை. அதை நோக்கின், அனுப்பிய ஊரின் முத்திரை 12 என்றிருந்தது. சேர்ந்த ஊரின் முத்திரை 15. கடிதத்தை ஒன்பது நாள் வைத்திருந்தவர் அஞ்சலகத்தார் அல்லர், எழுதிய அலுவலகத்தாரே என்பது வெளியாயிற்று. இருபக்கப் படியையும் இணைத்து அண்ணன் எழுதிய பின்னர், அவருக்கு வேறொரு நாள் குறித்துக் கொடுத்தனர். பால் கணக்கும் படியில் விழுந்திருந்தது. அதுபற்றி ஒருவரும் வினவவில்லை.

புலமைத் துறையிலும் இழப்புப் பெரிது. அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் எவ்வாண்டில், எங்கிருந்து, கலாத்தியாவின் வடபகுதியார்க்கோ தென்பகுதியார்க்கோ எழுதப்பட்டது என்று வேத அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். மங்கிய முத்திரை ஒன்று கிடைத்திருப்பினும் நூல்கள் பல எழுதப்படாமற் போயிருக்கும். தமிழில் உ. வே. சாமிநாதையரவர்கள் தமக்கு வந்த கடிதங்களைக் காத்துவைத்தமையால், தம் வரலாற்றை எழுதுங்கால் அவற்றை எடுத்துக்காட்ட இயன்றது. அத்தகைய பொறுமை வாய்ந்தோர் சிலரே. தேதியிடாமல் எழுதும் பழக்கமோ புலவர் பலருக்கு உண்டு. அவர்தம் கடிதங்களைப் பதிப்பிப்போர்க்கு உறையன்றி வேறு துணை யாது?

விரைவஞ்சலில் எண் தந்து, சென்ற வழியைக் கணிப்பொறியிற் காட்டுகிறார்களே, முத்திரை எதற்கு என்பர் சிலர். பதிவஞ்சலும் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கணிப்பொறியிலிருப்பது அலுவலகத்தின் நினைவு. அதை வைத்திருப்பதும் நீக்குவதும் அவர் விருப்பம். உறையிலிருப்பது நம் கையிலுள்ள சான்று. மேலும், சிறு செலவில் அனுப்பும் சாதாரணக் கடிதத்துக்கு அவ்வெண் இல்லை; ஏழை எளியவர்க்கு முத்திரை ஒன்றே உண்டு.

அம்முத்திரையோ இப்பொழுது பல உறைகளில் மைக்கறையாகவே விழுகின்றது. சேர்ந்த ஊரின் முத்திரை விழாமலே வருவன பல. தெளிவாக ஒருமுறை குத்துவதற்கு ஒரு நொடிதான் செல்லும். இதனை அஞ்சலகத்தார்க்கு எழுதிக் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்பார் இன்மையே குறை. நம் கல்லூரி நூலகமும் பழைய மாணவரிடமிருந்து கடிதங்களைப் பெறுங்கால் உறையோடு கேட்டுப் பெறுதல் வேண்டும். திறக்கும்போது இடப்பக்கத்து ஓரத்தைக் கத்தியாற் கீறித் திறப்பின் முகப்பு முத்திரை சிதையாது. பின்மடலையும் கிழித்தலாகாது, சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.