முப்பதுன்னு எழுதினா முப்பது போட விடுங்கப்பா!

டிஸ்கி: துப்பாக்கியோட எனக்கு இருக்கற நேரடி உறவு காலேஜ் என்.சி.சி.யில பாயிண்ட் டூ டூ ரைஃபிள்ல அஞ்சு ரவுண்ட் சுட்டதோட சரி. அதுல எத்தனை அட்டையில பட்டுதுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க :-) ஆனா ஸ்பிரிங், பிளாஸ்டிக், டாலரன்ஸ் இதையெல்லாம் நாலு வருஷம் படிச்சவங்கற தைரியத்துல எழுதறேன்.

விஷயம் இதுதான். துப்பாக்கி மேகசினை முழுசா நிரப்பணுமா, ரெண்டு ரவுண்ட் இடம் விடணுமா? ராணுவத்துல இருந்து வந்த யார்கிட்ட பேசினாலும் "ரெண்டு குறைச்சுதான் தம்பி போடணும்"னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா பத்துல ஒம்பது பேர் "ஸ்பிரிங் செத்துடும்"ங்கறாங்க. அந்த ஒம்பது பேரோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

எங்க ஊர்ல இதை நான் முதல்ல கேட்டது ஒரு சொல்தா தாத்தாகிட்ட. வெளியூர் நண்பர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிட்டு பாண்டிச்சேரியில செட்டில் ஆனவங்களை இங்க சொல்தான்னுதான் கூப்பிடுவோம். இந்தோசீனா, அல்ஜீரியான்னு போய் சண்டை போட்ட தமிழர்கள். எங்க தெரு தாத்தா அல்ஜீரியா கேஸ். மாட் 49 சப்மெஷின் கன் வச்சிருந்தாராம். "முப்பத்திரெண்டுன்னு சொல்லிக் குடுப்பான், நாங்க முப்பத்திரெண்டு போடவே மாட்டோம்டா. போட்டா உயிர் உன்னுது இல்ல"ன்னார். நான் அப்போ ஸ்கூல் பையன். மனசுல ஒட்டிக்கிச்சு.

தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா காரணம் ஸ்பிரிங் சாகறது இல்லை. ஒழுங்கா டிசைன் பண்ணின ஸ்பிரிங்கை அமுக்கி அப்படியே வச்சிருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. எலாஸ்டிக் லிமிட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அது திரும்பி வந்துடும். ஸ்பிரிங்கைத் தேய்க்கறது அமுக்கி விடுறதும் திரும்ப அமுக்கறதும்தான். நிரப்பி, காலி பண்ணி, நிரப்பி... அந்த சைக்கிள்தான் எமன். பால் பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கும் அப்படித்தான்.

அப்புறம் ஏன் ரெண்டு குறைக்கறாங்க? இங்கதான் தமாஷ். மூணு வேற வேற வியாதிக்கு ஒரே கஷாயம்.

ஒண்ணு, பிரென் கன். பிரிட்டிஷ் காலத்துல இருந்து நம்ம ராணுவம் வச்சிருந்தது. முப்பது ரவுண்ட் மேகசின்ல வழக்கமா இருபத்தெட்டுதான் போடுவாங்க. 303 தோட்டாவோட அடியில விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணோட விளிம்புக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா கதை முடிஞ்சது. நெருக்கி அடைச்சா அந்த வம்பு ஜாஸ்தி.

ரெண்டு, ஸ்டென் கன்னும் தாத்தாவோட மாட் 49ம். உள்ள ரெண்டு வரிசையா இருக்கற தோட்டா, மேல வரும்போது ஒரே வரிசையா நெருங்கி வரணும். பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்தைக் கதவு வழியா எல்லாப் பசங்களும் முட்டற மாதிரி. உராய்வு. அதுல மண்ணும் சேர்ந்தா கேக்கவே வேணாம். பாலைவனத்துக்குன்னே மாட் 49க்கு இருபது ரவுண்ட், ஒத்தை வரிசை மேகசின் தனியா பண்ணினாங்க.

மூணு, எம் 16. வியட்நாம்ல இருபது ரவுண்ட் மேகசின்ல பதினெட்டு போட்டாங்க. போல்ட் மூடியிருக்கும்போது மேகசினைச் சொருகினா, மேல இருக்கற தோட்டா போல்ட்டோட அடியில இடிக்கும். மொத்த அடுக்கும் கொஞ்சம் கீழ இறங்கிக் குடுக்கணும். இறங்க இடமே இல்லைன்னா மேகசின் கொக்கியில சரியா மாட்டாது. மாட்டின மாதிரி இருக்கும், ஓடும்போது கழண்டு கீழ விழும்.

மூணுலயும் காரணம் டிசைன்! விளிம்பு வச்ச தோட்டா, ஒத்தைக் கதவு, இடம் விடாத பெட்டி. ஜவானோட கவனக்குறைவு இதுல எங்க வந்துச்சு?

என் கோபம் இங்கதான். டிசைன் பண்ணினவன் செஞ்ச தப்பை, சுடறவனோட "ஒழுக்கமா" மாத்திடறாங்க. அதை வாத்தியார் அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிக் குடுக்கறார். இருபது வருஷம் கழிச்சு அது பாரம்பரியம். பாரம்பரியம் ஆயிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

எம் 16 கதையையே பாருங்க. வியட்நாம்ல துப்பாக்கி அடைச்சு அடைச்சு ஆளுங்க செத்தப்போ, "சரியா துடைக்கலை"ன்னு பழி சிப்பாய் மேல. 1967ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட இக்கார்ட் கமிட்டி தோண்டினப்போ, தோட்டாவுக்குள்ள வெடிமருந்தை மாத்தினது பெரிய காரணம்னு வெளிய வந்தது. துடைக்கற துணி மேல பழியைப் போட்டுட்டு மருந்தை மாத்தினவன் சும்மா இருந்தான்.

பிரெஞ்சுக்காரன் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. ஃபமாஸ் ரைஃபிளோட இருபத்தஞ்சு ரவுண்ட் மேகசினை ஒரு தடவை சுட்டுட்டுத் தூக்கிப் போடத்தான் டிசைன் பண்ணினாங்க. காசு மிச்சம் பண்ண அதையே திரும்பத் திரும்ப நிரப்பினாங்க. அடைப்பு வந்தது. மேல சொன்ன சைக்கிள் கணக்கு ஞாபகம் இருக்கா?

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். இன்சாஸ். நம்ம திருச்சி ஃபேக்டரியிலயும் தயாரானது. அந்த ஃபேக்டரி 2021ல இருந்து ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். கம்பெனிக்குக் கீழ இருக்கு. இருபது ரவுண்ட், உள்ள எத்தனை இருக்குன்னு வெளிய தெரியற பிளாஸ்டிக் மேகசின். ஐடியா சூப்பர். 1999 கார்கில் குளிர்ல அந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டுச்சு. 2005 ஆகஸ்ட்ல நேபாளத்துல காளிகோட் மாவட்டத்துல மாவோயிஸ்ட் தாக்குதல்ல 43 சிப்பாய்கள் செத்தாங்க. சண்டை நீண்டப்போ இன்சாஸ் காலை வாரிடுச்சுன்னு நேபாள ராணுவம் சொன்னது. நம்ம பக்கத்து பதில், நாங்களும் அதைத்தானே வச்சிருக்கோம், நல்லாத்தானே இருக்கு, என்பது. மறுபடியும் பாருங்க, துணி மேலதான் பழி.

இருபதுல ரெண்டு குறைச்சா பத்து பர்சென்ட். ஆறு மேகசின் தூக்கிட்டுப் போறவன் கிட்ட பன்னிரண்டு ரவுண்ட் கம்மி. ஃபைல்ல பன்னிரண்டு சின்ன நம்பர். மலை மேல கல்லுக்குப் பின்னாடி படுத்திருக்கறவனுக்கு அது சின்ன நம்பரா?

"அண்ணே, எஞ்சினியர்னா கொஞ்சம் இடம் விட்டுத்தானே டிசைன் பண்ணணும்? மார்ஜின் வேணாமா?"ன்னு ஆபீஸ்ல ஜூனியர் பையன் மடக்கினான். நல்ல கேள்வி. பதில் நம்ம அடுப்படியிலயே இருக்கு. கேஸ் சிலிண்டரை முழுசா நிரப்பறது இல்லை. திரவம் விரிய மேல இடம் விட்டுத்தான் நிரப்பறாங்க. ஆனா 14.2 கிலோன்னு எழுதினா உள்ள 14.2 கிலோ இருக்கணும். "ரெண்டு கிலோ குறைச்சு வாங்கிக்கம்மா, அதுதான் ஒழுக்கம்"னு அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க, கரண்டி பறக்கும். இடம் விடறது தயாரிக்கறவன் வேலை. எழுதினதைக் குடுக்கறதும் அவன் வேலை. எண்ணூறு பேரைத்தான் தாங்கும்னா சர்வர் மேல ஆயிரம்னு எழுதாதே. அவ்ளோதான்.

முடியாத காரியமும் இல்லை. ஏ.கே. மேகசின்ல காலங்காலமா முப்பதுக்கு முப்பது போட்டுத்தான் சுடறாங்க. மேக்புல் கம்பெனி பிளாஸ்டிக்லயே, முப்பதும் போட்டு மூடின போல்ட்டுல சொருகற மாதிரி பண்ணிக் காட்டிட்டான். மாசக்கணக்கா நிரப்பி வச்சா மேல் உதடு விரியாம இருக்க ஒரு மூடியும் குடுத்தான். அது யோசிச்சுப் பண்ணின வேலை.

அப்போ ஜவான் இன்னைக்கு என்ன பண்ணணும்? கையில இருக்கறது சந்தேகமான மேகசின்னா ரெண்டு குறைச்சுப் போடட்டும். அந்த இடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன். உயிர் போற இடத்துல கொள்கை பேச முடியாது. தாத்தா திரும்பி வந்ததே அதனாலதானே.

ஆனா வாங்கற அரசாங்கம் அதைப் பண்ணக் கூடாது. இப்போ அமேதி பக்கம் கோர்வாவுல ஏ.கே. 203 தயாராகுது. நாளைக்கு இன்னொண்ணு வரும். ஒவ்வொரு தடவையும் சோதனை முழு மேகசினோட நடக்கணும். போல்ட்டை மூடி, குளிர்ல, மண்ணுல, நூறு தடவை நிரப்பிக் காலி பண்ணின பழைய மேகசினோட. தேறலைன்னா ரெண்டே வழி: திருப்பி அனுப்பு, இல்லைன்னா மேல இருக்கற நம்பரை அழிச்சுட்டு இருபத்தெட்டுன்னு எழுது. பொய் எழுதிட்டு ஜவானை "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொல்லாதே.

கடற்கரைச் சாலையில நடக்கறப்போ காந்தி சிலைக்கு எதிர்ல பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் போறேன். முதல் உலகப் போர்ல செத்தவங்களுக்காகக் கட்டினது. ஒவ்வொரு தடவையும் ஒரே நினைப்பு. இதுல எத்தனை பேர் அடுத்தவன் செஞ்ச தப்பை அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டவங்களோ?

பி.கு: ஸ்பிரிங் கட்சிக்காரர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். ஆனா வரும்போது "எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிக்காம ஒரு காரணத்தோட வாங்க :-)