டி.ஜே.யும் அவையறிதலும்

முன்னெல்லாம் கல்யாண வரவேற்பென்றால் மெல்லிசைக் குழுவினர் வரிசையாக அமர்ந்திருந்த மேடையோரத்தில், இப்போது ஒரு மடிக்கணினியையும் மிக்ஸரையும் ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டையும் துணைகொண்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அணைத்தபடி ஒற்றை இளைஞர் நிற்பது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. டி.ஜே. என்று அழைக்கப்படும் இவரைப் பற்றி மூத்தவர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம், காசு கொடுத்து வாங்கிய இரைச்சல் என்பது. இளையவர்களில் பலருடைய அபிப்பிராயமோ, யாரோ பாடிய பாட்டைப் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிடுவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டிக்கிடக்கிறது என்பது. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றாலும், இரண்டுமே அந்தத் தொழிலின் சாரத்தைத் தொடவில்லை என்பது என் கட்சி. யந்திரத்தை ஆளும் சாமர்த்தியம் அதில் கால் பங்குதான். மிச்சம் முக்கால் பங்கும் எதிரே கூடியிருக்கும் ஜனங்களை அறியும் விவேகம். வள்ளுவர் அமைச்சருக்கென்று வகுத்துவைத்த அவையறிதல் என்னும் அதிகாரத்தை இக்காலத்தில் மற்றெவரையும்விட டி.ஜே.க்களே பாராயணம் செய்யவேண்டும் என்று நான் சொல்வதில் பரிகாசம் எதுவும் இல்லை.

இந்தக் கலையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், ஜமைக்காவில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய கிளைவ் கேம்ப்பெல் என்னும் பதினெட்டு வயது இளைஞர், தம் தங்கை சிண்டி பள்ளிக்கூடம் திறக்குமுன் புதுத் துணிமணி வாங்குவதற்குப் பணம் சேர்க்க ஏற்பாடு செய்திருந்த கேளிக்கையில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஹிப்-ஹாப் என்று உலகமெங்கும் பரவிய சங்கீத மரபின் ஜன்ம தினமாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். டி.ஜே. கூல் ஹெர்க் என்ற பெயரால் பிரசித்தி பெற்ற அவர் செய்த காரியம், ஆடுகிறவர்களுடைய கால்களை ஊன்றிக் கவனித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும் இளைஞர்கள், குரலும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து தாள வாத்தியம் மட்டும் தனித்து முழங்கும் சில விநாடிகளுக்காகவே காத்திருந்து களத்தில் பாய்வதை அவர் கண்டார். (தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கான்டீனைத் தேடி எழுந்து போகும் நம்முடைய சபா ரசிகர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள்.) கண்டவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும் தறுவாயில் மற்றொன்றில் அதையே தொடங்கி, மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றிச் சில விநாடிகளைப் பல நிமிஷங்களாக நீட்டிக் கொடுத்தார்.

ஹெர்க்கிடம் ஒரு குறை உண்டு; ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் தாளம் பிசகும். அந்தக் குறையைத் தீர்த்தவர், பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்து தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்ற ஜோசப் சாட்லர் என்னும் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். இசைத்தட்டின் மீது கிரேயானால் கோடு கிழித்து, அந்தக் கோட்டை எத்தனை சுற்றுப் பின்னோக்கித் திருப்பினால் வேண்டிய தாளம் ஊசிக்கு நேராக வந்து நிற்கும் என்று கணக்கிட்டு, அறைக்குள் அடைந்துகிடந்து சாதகம் செய்து, இம்மியும் பிசகாத இணைப்பை அவர் சாதித்தார். அதைச் சபையில் முதன்முதல் காட்டியபோது நேர்ந்ததை அவரே பேட்டிகளில் விவரித்திருக்கிறார். ஒருவர்கூட ஆடவில்லை, எல்லோரும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள், அவர் வீட்டுக்குப் போய் அழுதார். ஆட வந்தவர்களை வேடிக்கை பார்க்கிறவர்களாக ஆக்கிவிடும் நிபுணத்துவம், எவ்வளவு அபூர்வமானதாயினும், அந்த இடத்துக்கு உதவாது. பிற்பாடு மைக்கைப் பிடித்துக் கூட்டத்தோடு பேசத் தெரிந்த தோழர்களைச் சேர்த்துக்கொண்டபோதுதான் அவருடைய வித்தை செல்லுபடியாயிற்று.

அதற்காக யந்திர ஞானம் அற்பமானதென்று எவரும் எண்ணிவிடலாகாது. நிமிஷத்துக்கு 120 தட்டு வேகமுள்ள பாட்டொன்று ஓடிக்கொண்டிருக்கையில், 122 தட்டு வேகமுள்ள மற்றொன்றை அதன்மேல் ஏற்றினால், சரியாக முப்பது விநாடியில் ஒன்று மற்றதைவிட முழுதாக ஒரு தட்டு முந்திவிடும். நடுவே பதினைந்தாவது விநாடியில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இடித்துக்கொள்ளும் சத்தம், தாளஞானம் சிறிதும் இல்லாதவருடைய காதையும் உறுத்தும். அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியே கேட்டு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஓடும் பாட்டோடு ஒட்டவைக்கும் பீட் மேட்சிங் என்னும் இந்த நுட்பத்தை, 1960களின் இறுதியிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் நியூயார்க்கில் பழைய தேவாலயமொன்றை மாற்றியமைத்த சாங்சுவரி என்னும் நடனவிடுதியில் பிரான்சிஸ் கிராஸோ என்பவர் கையாண்டு பிறருக்கும் வழிகாட்டினார். ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்து, 1979இல் திருத்தி வெளியிட்ட எஸ்.எல். 1200 சுழல்மேடை, வேகத்தை 8 சதவீதம்வரை கூட்டவும் குறைக்கவும் கைக்கு வாகான பிடியைத் தந்தபின் இது தொழிலின் பாலபாடமாயிற்று.

இந்தப் பாலபாடத்தில் நம் சினிமாப் பாட்டுகள் ஒரு விசேஷமான சோதனையை வைக்கின்றன. இசைத்தட்டின் வேகத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்டினால் அதன் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். முகம் தெரியாத மேல்நாட்டுக் குரலென்றால் எவரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் எஸ். ஜானகியின் குரலையும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலையும் தாய்தந்தையர் குரல்போல் அறிந்துவைத்திருக்கும் ஒரு சபையில் அது உடனே பிடிபட்டுவிடும். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. அதையும் அளவுக்குமேல் பிரயோகித்தால் குரல் தகரத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். கணினிக்கு முந்தைய காலத்தில், வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளிலோ தாளம் உயிருள்ளதாகையால் நுண்ணளவில் ஏறியும் இறங்கியும் செல்லும். முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை ஒரே வேகமென்று அனுமானித்துக்கொண்டு, இரு பாட்டுகளின் வேகத்தைத் தானாகவே ஒட்டவைக்கும் ஸின்க் பொத்தான் அங்கே கையை விரித்துவிடும். அந்தப் பாட்டை மனப்பாடமாக அறிந்து, எந்தச் சரணத்துக்கு முந்தைய இடையிசையில் குரல் ஓய்ந்து இடம் கொடுக்கிறது என்று தெரிந்து, அவ்விடத்தில் நுழைகிறவர்தான் பாட்டைக் காயப்படுத்தாமல் அடுத்ததற்குப் போகமுடியும். ஆகவே, டி.ஜே. ஆக விரும்புகிறவர் கருவி வாங்குமுன் ஓராண்டு காலம் பாட்டுக் கேட்கட்டும் என்பது என் யோசனை. இந்த வருஷத்துப் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், தாத்தா பாட்டியின் பாட்டுகளையும் கேட்கட்டும்.

இணைக்கும் வித்தையே வேண்டாமென்று ஒதுக்கிவைத்தும் ஒருவர் பெரும்புகழ் பெற்றிருக்கிறார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, நியூயார்க்கில் தம் வீட்டு மாடியிலேயே நண்பர்களை அழைத்து இசை விருந்து நடத்தத் தொடங்கிய டேவிட் மான்கூஸோ, லாஃப்ட் என்ற பெயரால் பல்லாண்டுக் காலம் நிலைத்த அந்த விருந்தில் மது விற்கவில்லை. பிற்காலத்தில் ஒரு பாட்டின்மேல் மற்றொன்றை ஏற்றுவதையும் அறவே விட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டையும் அதைச் செய்தவர் எப்படிச் செய்தாரோ அப்படியே முதலிலிருந்து முடிவுவரை ஒலிக்கவிட்டார். தம்மை டி.ஜே. என்று சொல்லிக்கொள்வதையும் அவர் விரும்பியதில்லை. இசைவிருந்து அளிக்கும் வீட்டுக்காரர் என்பதே அவர் தமக்கு வைத்துக்கொண்ட ஸ்தானம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்னும் ஒரே தேர்வினால் நூற்றுக்கணக்கானவர்களை விடியும்வரை அவர் ஆடவைத்தார்.

நமக்கும் இதில் ஒரு பரம்பரை இல்லாமலில்லை. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மஞ்சள்நீராட்டுக்கும் குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்திலும் மூங்கில் கம்பத்திலும் ஏற்றிக் கட்டிய மைக்செட்காரர், டி.ஜே. என்ற பெயர் காதில் விழாத காலத்திலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் கணீரென்ற குரலில் பிள்ளையாரைத் துதித்துத் தொடங்கி, வெயில் ஏற ஏறச் சமூகப் படங்களின் காதல் பாட்டுகளுக்கு வந்து, பந்தி நடக்கையில் தணித்து, இரவு ஜனங்கள் பந்தலில் சாய்ந்து கதை கேட்க விரும்பும் நேரத்தில் படத்தின் வசனத் தட்டுகளை எடுத்துப் போட்ட அவருடைய பொழுதறிவு லேசானதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும், முகம் பாராத நேயர்களின் மனநிலையை ஊகித்துப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அளந்து பேசியதும் இந்தப் பரம்பரையில் ஒரு கிளை. இவர்களுக்கெல்லாம் மூத்தவர் நாகஸ்வர வித்வான். ராகத்தின் உச்சியில் சஞ்சாரம் செய்துகொண்டிருந்தாலும், மணவறையில் புரோகிதருடைய கை எழும்பிய அந்தக் கணத்தில் பாதி ஸ்வரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வந்துவிடுகிறார் அல்லவா, அந்தக் கண்தான் டி.ஜே.க்கும் வேண்டியது.

அந்தக் கண் இல்லாதவர் நடத்தும் வரவேற்பை அண்மையில் ஒரு மண்டபத்தில் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு, மணமக்களை வாழ்த்த வந்தவர்கள் மொய்க் கவரோடு வரிசையில் நிற்கும்போதே, குத்துப்பாட்டு முழுச் சத்தத்தில் தொடங்கிவிட்டது. பெரியம்மா ஒருவர் புடவைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கிவந்த பேத்தியிடம் ஏதோ கேட்டார், பேத்தி, "என்ன பெரியாச்சி?" என்று மூன்று தடவை கத்திவிட்டுச் சைகையில் சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினாள். டி.ஜே. திரையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. ஒன்பது மணிக்கு இளவட்டங்கள் சாப்பிட்டு முடித்து நிஜமாகவே ஆட வந்தபோது, ஏற்றுவதற்கு அவரிடம் சத்தமும் மிச்சமில்லை, பாட்டும் மிச்சமில்லை. வேறொரு மண்டபத்தில், இதே வயதுடைய மற்றொருவர், கூட்டம் வருமுன்பே வந்து, வெறுங்கூடத்தின் நடுவில் நின்று இரண்டு தடவை கைதட்டி எதிரொலியைக் கேட்டதைக் கவனித்தேன். கிரானைட் தரையும் வெற்றுச் சுவருமாக உள்ள மண்டபம் ஆளில்லாதபோது ஒருவிதமாகவும், ஐந்நூறு பேர் நிறைந்தபின் வேறுவிதமாகவும் ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் ஒரு மணி நேரம் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத வாத்திய இசை, பிறகு எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாட்டொன்றைப் போட்டுவிட்டு, இரண்டாம் வரிசை நாற்காலிகளின் அடியில் செருப்புகள் தாளம் போடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார், போட்டன, அதே வேகத்தில் இன்னொன்று. முதலில் எழுந்து ஆடியவர் மணப்பெண்ணின் சித்தப்பா. அதற்கப்புறம் இளைஞர்களை எவரும் அழைக்கவேண்டியிருக்கவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தொழிலிடங்களுக்காக வகுக்கப்பட்டுப் பரவலாக ஏற்கப்பட்ட ஓர் அளவின்படி, 85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை காது பொறுக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் பதினைந்தே நிமிஷமாகிவிடும். அந்தச் சத்தத்தின் எதிரிலேயே வாரந்தோறும் நிற்கும் டி.ஜே.யின் காதுதான் முதலில் கெடும். கெட்ட காது இன்னும் கூடுதலான சத்தத்தைக் கேட்கும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்து ஒலி சிதைவதை அவரும் உணரார், அவரைச் சுற்றி நிற்கும் நண்பர்களும் சொல்லார். தம் காதைத் தாமே பாதுகாத்துக்கொள்ளாதவரை நல்ல டி.ஜே. என்று நான் ஒப்பமாட்டேன், அவருடைய கைத்திறன் எப்படிப்பட்டதானாலும் சரி. மண்டபத்துக்கு வெளியே, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் நோயாளியும் அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே. அவர்கள் அழைப்பிதழ் இல்லாமல் கேட்கிறவர்கள்.

குற்றமெல்லாம் தொழில்செய்பவர் தலையில் என்றும் சொல்லமாட்டேன். எத்தனை வாட்ஸ், எத்தனை பெட்டி, புகை வருமா, லேசர் உண்டா என்று கேட்டு விலைபேசுகிற நாம், எங்கள் வீட்டில் எழுபது வயதுக்காரர்கள் எத்தனைபேர் வருவார்கள் தெரியுமா, எந்த ஊர்க்காரர்கள், எந்தப் பாட்டு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு டி.ஜே. அமர்த்தப் போகிறவர்கள், விளம்பர வீடியோவைப் பார்த்து முன்பணம் கொடுக்காமல், அவர் தொழில்செய்யும் வேறொரு விசேஷத்துக்கு அரை மணி நேரம் போய், அவருடைய கண் திரையில் இருக்கிறதா கூட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன; மூடிய மண்டபத்துக்குள் விதியில் இடமுண்டு என்றாலும், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதைச் சாக்காகச் சொல்லவேண்டாம். பத்து மணிக்கு நிறுத்துவது என்பதை முன்பண ரசீதிலேயே எழுதி, இரு தரப்பும் கையொப்பம் இட்டுக்கொள்ளுங்கள்.