நகரத்தின் அழுக்கு யார் தலையில்?

ஜூன் 5 வந்தால் கடலூரிலும் சிதம்பரத்திலும் மரக்கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள். நடட்டும். ஆனால் தோழர்களே, நகரத்தின் அழுக்கை யார் சுமக்கிறார்கள் என்று கேட்காத சுற்றுச்சூழல் அக்கறை பாதி அக்கறைதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து சிப்காட்டைக் கடக்கும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சில நிமிடம்தான். குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் அந்தக் காற்றில்தான் உண்டு உறங்குகிறார்கள். 2004-ல் சிப்காட் பகுதி மக்கள் ஒரு வேலை செய்தார்கள். நாற்றம் வந்த நாள், நேரம், இடம், அது எப்படிப்பட்ட நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதி வைத்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது தெரிந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கடலூரை மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது.

இனி நம் தெருவுக்கு வருவோம். உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின், மீந்த சோறு எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறோம். அதைப் பிரிப்பது யார் கை? பெரும்பாலும் தலித் தூய்மைப் பணியாளரின் கை. குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. அந்தக் கடமையை இன்னொருவர் மேல் தள்ளிவிடும் துணிச்சலைத் தருவது சாதி. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். தெரிந்தும் இறக்குகிறார்கள்.

நகரத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். கண்ணாடி, ஊசி, நாப்கினைத் தனியே சுற்றிக் கொடுங்கள். உங்கள் வார்டின் குப்பை எந்த ஊர்ப் பக்கம் கொட்டப்படுகிறது என்று பகுதி சபையில் கேளுங்கள். தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரமும் கையுறையும் கேட்டுப் போராடும்போது, குப்பை தேங்குகிறதே என்று முணுமுணுக்காமல் அவர்கள் பக்கம் போய் நில்லுங்கள். சிப்காட் மக்களைப் போல நாளும் நேரமும் குறித்துப் புகார் எழுதுங்கள். ஆதாரத்தோடு வரும் புகாரை எளிதில் ஒதுக்க முடியாது.

1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்ததும் தண்ணீர்தான். தண்ணீரும் காற்றும் மண்ணும் எல்லோருக்கும் பொது என்பது நமக்குப் பழைய போராட்டம். நம் தெரு சுத்தமாக வேண்டும் என்பதற்காகச் சேரி குப்பைமேடாகக் கூடாது.