ஓபியாய்டு அடிமைநோய்க்கான மருந்துச் சிகிச்சையை விரிவுபடுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
போதைநோய்ச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் சங்கம்,
வட சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: புப்ரெனார்பின் சிகிச்சையை ஊசி போடாதவர்களுக்கும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வலி மாத்திரையை முதலில் விழுங்கிப் பழகி, பிறகு அதையே கரைத்து நரம்பில் ஏற்றும் நிலைக்கு எங்கள் பிள்ளைகள் பலர் வந்துவிட்டார்கள். 2018இல் ட்ரமடால் என்ற வலி மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதன் இடத்தை டேபென்டடால் என்ற மற்றொரு வலி மாத்திரை பிடித்துக்கொண்டது. மருந்துக் கடைகளில் நடக்கும் சோதனைகளை வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை கிடைக்காத நாளில் உடல் முறுக்கி, வயிறு கலங்கி, இரவெல்லாம் தூங்காமல் துடிப்பவனுக்குச் சோதனையால் ஆவதொன்றுமில்லை. அவன் வேறொன்றைத் தேடித்தான் போவான்.

நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்பின் அந்தத் துடிப்பை அடக்குகிறது, ஏக்கத்தைத் தணிக்கிறது. அதை உட்கொள்பவர் வேலைக்குப் போகிறார், வீட்டில் அமர்ந்து சாப்பிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அதையும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துகளாக அறிவித்துவிட்டது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இதைத் தள்ளுவோர், இந்த மருந்தால் எழுந்து நடமாடும் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டுகிறோம்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். புப்ரெனார்பின் தரும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்று மருந்து மையங்கள் ஊசி போடுவோருக்காகவே ஏற்பட்டவை. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் நோக்கில் அது சரியே. ஆனால் மாத்திரையை விழுங்கும் பத்தொன்பது வயதுப் பையன் சிகிச்சைக்குத் தகுதி பெற ஊசியைத் தொட்டாக வேண்டுமா? பஞ்சாப் அரசு 2017 அக்டோபர் முதல், ஊசி போடாதவர்களுக்கும் புறநோயாளிகளாகவே புப்ரெனார்பின்–நலாக்சோன் கூட்டு மாத்திரை வழங்கி வருகிறது. அதேபோல் இங்கும் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் வழங்க வேண்டும்.

அடுத்தது நேரம். தினமும் மையத்துக்கு வந்து, ஊழியர் கண் முன்னால் மருந்தைக் கரைக்க வேண்டும் என்பது விதி. விடியுமுன் காசிமேட்டில் நிற்க வேண்டியவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் பத்து மணிக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 2020 பொது முடக்கத்தின்போது மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி தரப்பட்டது. சிகிச்சையில் நிலைத்துவிட்டவர்களுக்கு அதை நிரந்தரமாக்குங்கள். மற்றவர்களுக்காக மையங்களைக் காலை ஆறு மணிக்கே திறந்துவையுங்கள்.

மருந்தில்லாமல் சில வாரம் அடைத்துவைத்து அனுப்பும் மீட்பு இல்லங்களைக் கண்காணிக்கவும் வேண்டுகிறோம். வெளியே வருபவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். சிறையிலிருந்து வருவோருக்கும் இதே ஆபத்துதான். ஆகவே புழல் சிறையிலும் இச்சிகிச்சை கிடைக்க வேண்டும். மூச்சை மீட்கும் நலாக்சோன் 108 அவசர ஊர்திகளில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

சிகிச்சைக்குத் தானே முன்வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, நிபந்தனைகளுடன் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆகவே சிகிச்சைக்கு வருவோரை மைய வாசலில் பிடித்து விசாரிக்க வேண்டாமெனக் காவல் துறைக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

இவை குறித்துப் பேச, மனநல மருத்துவர்களுடன் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
இடம்: சென்னை