மாத்திரை தந்தால் போதுமா?

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை தருகிறார்கள். நல்லது! தைராய்டு குறைவு இருந்தால் அதற்கும் ஒரு மாத்திரை. மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கினால்? தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது!

நஷ்டம் யாருக்கு? வயிற்றுப் பிள்ளைக்கு! முதல் மூன்று மாதம் அதன் மூளை, தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. சுரப்பு குறைந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடணும். மற்ற இரண்டுக்கும் அதற்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேணும். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். "அடுத்தது யாரும்மா?" என்ற அவசரத்தில் அந்த அரை நிமிஷம்தான் பறிபோகிறது!

பிரசவத்தோடு தொல்லை முடிந்ததா? இல்லை. அடுத்த ஓராண்டுக்குள்ளும் சிலருக்கு தைராய்டு கெடும். படபடப்பு, அசதி, மனச்சோர்வு வந்தால், "பிள்ளை பெத்தவ அப்படித்தான் இருப்பா" என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாத்திரையை நீட்டுகிற கையே நேரத்தையும் சொல்லட்டும். சீட்டில் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். பெரிய செலவில்லாத காரியம். சுகாதாரத்துறை கவனிக்குமா?